பழைய கடல் வரைபடத்தில் கரையை அளக்கும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

திருகோணமலையின் பழைய கடல் வரைபடங்களைச் செய்மதிப் படத்தின் மேல் பொருத்தி, கடல் இத்தனை மீற்றர் உள்ளே வந்துவிட்டது என்று காட்டும் பதிவுகள் முகநூலில் உலாவுகின்றன. கரையரிப்பு இல்லை என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் அதற்கு இந்தப் படங்களைச் சாட்சிக்கு இழுப்பவர்கள், அவை எப்படி வரையப்பட்டன என்று பார்ப்பதில்லை.

நண்பகல் சூரியனின் உயரத்தை அளந்து அகலக்கோட்டை ஓரிரு மைலுக்குள் பிடித்துவிடலாம். நெடுங்கோடுதான் வில்லங்கம். கப்பற் கடிகாரம் பரவலாகும் முன் சந்திரனுக்கும் நட்சத்திரத்துக்கும் இடையிலான கோணத்தை வைத்தும் அதைக் கணித்தார்கள். கோணத்தில் ஒரு கலை, அதாவது பாகையில் அறுபதில் ஒரு பங்கு, பிழைத்தால் நெடுங்கோடு அரைப் பாகை தள்ளும். நம் பகுதியில் அது ஏறத்தாழ 30 கடல் மைல். பிரெஞ்சுப் படமென்றால் பெரும்பாலும் பாரிசிலிருந்து எண்ணியிருப்பார்கள். இன்றைய கிறீனிச் கணக்குக்கு மாற்ற 2 பாகை 20 கலை கூட்ட வேண்டும். ஆகவே ஓரத்து எண்களை நம்பிப் பொருத்தக் கூடாது. கோணேசர் மலை, ஒஸ்ரன்பேர்க் முனை என்று இடம்மாறாத பாறைகள் இரண்டைப் பிடித்துப் பொருத்தி, புறாமலை போன்ற மூன்றாவதைக் கொண்டு சரிபார்க்க வேண்டும். மகாவலி கொட்டியாரக்குடாவில் விழும் இடத்தைப் பிடிக்கவே வேண்டாம், அங்கே மணல்திட்டு நிலையாக நிற்பதில்லை.

அடுத்தது கடதாசி. செப்புத் தகட்டிலிருந்து ஈரக் கடதாசியில் அச்சிட்டார்கள். காயும்போது அது சுருங்கும், நீளத்திலும் அகலத்திலும் ஒரே அளவாக அல்ல. ஒரு கடல் மைலுக்கு ஓர் அங்குலம் என்ற அளவுத்திட்டத்தில், 20 அங்குல நீளம் நூற்றுக்கு ஒன்று சுருங்கினாலே சுமார் 370 மீற்றர் பிசகிவிடும். அரை மில்லிமீற்றர் மைக்கோடே 36 மீற்றர். இப்படியான படத்தைக் காட்டி 50 மீற்றர் அரிப்பு என்பவர் மையின் தடிப்பைத்தான் அளக்கிறார்.

ஒரே தாளிலும் தரம் ஒன்றல்ல. துறைமுகத்துக்குள் படகில் இருந்து, கரையில் மூன்று அடையாளங்களுக்கு இடையே செக்ஸ்டன்ற் என்ற கோணமளக்கும் கருவியால் கோணம் எடுத்து இடம் குறிப்பது நல்ல முறை. படகும் மூன்று அடையாளங்களும் ஒரே வட்டத்தில் அமைந்துவிட்டால் மட்டும், அந்த வட்டத்தில் எங்கே நின்றாலும் அதே கோணம்தான் வரும், இடம் பிடிபடாது. திறந்த மணற்கரையை ஓடும் கப்பலிலிருந்து திசைகாட்டியால் குறித்து, இடைவெளியைக் கண்மதிப்பில் வரைவதே அக்கால வழக்கம்.

உண்மையான செல்வம் ஆழ எண்களில் இருக்கிறது. அவை மீற்றர் அல்ல. ஆங்கிலேயப் படங்களில் பெரும்பாலும் பாகம், அதாவது 6 அடி, 1.83 மீற்றர். சில துறைமுகப் படங்களில் அடியிலும் உண்டு, தலைப்புக் கட்டத்தில் எழுதியிருக்கும். ஆழம் பார்க்க, கயிற்றில் கட்டிய 7 முதல் 14 இறாத்தல் ஈயக் குண்டின் அடிக்குழியில் கொழுப்பை அப்பி இறக்குவார்கள். ஒட்டி வருவது மணலா, சேறா, சிப்பியா என்பதும் எண்ணுக்கருகே எழுத்தாக நிற்கும். நீரோட்டம் கயிற்றைச் சாய்த்தால் ஆழம் கூடுதலாகப் பதியும். எண்ணுக்கு மேல் கோடும் புள்ளியும் இருந்தால் அது ஆழமல்ல; அவ்வளவு கயிறு விட்டும் தரை தட்டவில்லை என்று பொருள். கடலடிப் பள்ளத்தாக்கு துறைமுக வாய்வரை வரும் நம்மூரில் இதைத் தவறவிடக் கூடாது.

இப்படங்களை வெளியிடும்போது தலைப்புக் கட்டம், அளவுகோல், கீழோரத் திருத்தத் திகதிகள் மூன்றையும் வெட்டாமல் சேர்த்து அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். ஒரே தகட்டைப் பல பத்தாண்டுகள் திருத்தித் திருத்தி அச்சிட்டிருக்கிறார்கள். தலைப்பில் உள்ள ஆண்டு தாளின் ஆண்டாக இருக்க வேண்டியதில்லை.

வாசகர்,
உப்புவெளி, திருகோணமலை