கச்சானையும் பயறையும் காப்புறுதிக்குள்ள எடுங்க ஐயா

பயிர்ச்செய்கைக் கூட்டம் வைக்கிற அதிகாரிமார் எல்லாருக்கும் வணக்கம்.

போன கூட்டத்தில உங்கள்ல ஒருத்தர் எல்லாருக்கும் முன்னால எங்களப் பாத்து, நாட்டுக்குச் சோறு வேணும், நீங்க மலையடிக் காணிய வெச்சிட்டு கச்சான் (நிலக்கடலை) போடுறீங்க எண்டு சொன்னவர். பெரியாக்கள் இருந்த இடம், மரியாதைக்கு வாய மூடிட்டு வந்தம்.

மட்டக்களப்பில குடும்பிமலைப் பக்கத்து மேட்டுக் காணியில மாரி மழை எவ்வளவு கொட்டினாலும் தண்ணி நிக்காது, சரிவால ஓடிப் பள்ளத்துக்குப் போயிரும், வாய்க்கால் தண்ணியும் ஏறாது, கொஞ்ச நாள் மழை விட்டா நெல்லு சுருண்டிரும். சோளன் போடலாமே எண்டு கேப்பீங்க. 2018ல படைப்புழு வந்து அம்பாறைப் பக்கம் சோளன எப்பிடித் திண்டு அழிச்சது எண்டு உங்களுக்கே தெரியும்.

அதோட யானை. கதிர் வந்தா பரணில முழிச்சிருந்து வெடி கொளுத்தி எப்பிடியோ வெட்டி எடுத்தாலும் முடியல்ல, நெல்லு மூட்டைய வீட்டுக்குள்ள வெச்சா வாசத்துக்கு ராவில வந்து சுவர இடிக்கும். மூட்டை அடுக்கிறதும் பிள்ளைகள் படுக்கிறதும் ஒரே அறைதான். இடிஞ்ச கல்லுக்குள்ளால தும்பிக்கை வந்து சாக்கத் தேட, தாய்மார் பிள்ளைகளத் தூக்கிட்டு பின்பக்கத்தால ஓடினத நாங்க கண்டிருக்கம். அந்தப் பயத்தில சிலபேர் விளைஞ்ச நெல்ல வாவிக்கு அங்கால கடற்கரைப் பக்கம், எழுவான்கரையில சொந்தக்காரர்ர வீட்டில வெச்சிட்டு, சோறாக்க கொஞ்சம் கொஞ்சமா எடுத்துட்டு வாறாங்க.

கச்சானையும் காட்டுப்பண்டி கிண்டும், இல்லையெண்டு சொல்லல்ல. ஆனா புடுங்கிக் காயவெச்ச கையோட யாவாரிக்குக் குடுத்திரலாம், வீட்டில வெச்சிட்டு நித்திரை முழிக்கத் தேவல்ல. மிளகாயையும் மஞ்சளையும் யானை தேடி வாறதில்ல.

இலவசப் பயிர்க் காப்புறுதி துவங்கக்குள்ள நெல்லு, சோளன், உருளைக்கிழங்கு, சோயா, பெரிய வெங்காயம், மிளகாய் எண்டு 6 பயிரத்தான் எடுத்தது. உருளைக்கிழங்கு எங்கட மண்ணுக்கு வராது, வாற கச்சானும் பயறும் கௌபியும் அதில இல்ல. யானை மிதிச்ச கச்சான் காணியப் படம் எடுத்துட்டுப் போனா, இந்தப் பயிருக்கு இல்லையெண்டு திருப்பி அனுப்புறாங்க. பிறகு நெல்லுச் செய்யல்ல எண்டு எங்களையே ஏசினா என்ன நியாயம்? 2021ல ரசாயன உரத்த நிப்பாட்டக்குள்ளயும் எங்களிட்ட ஆரும் கேக்கல்ல, பசளை இல்லாம மஞ்சளாப் போனது எங்கட பயிர், கடனும் எங்கட தலையிலதான். கோவத்தில வேற எங்கயோ போயிட்டன், மன்னிக்கவும்.

தயவு செய்து கச்சானையும் பயறையும் கௌபியையும் காப்புறுதிக்குள்ள எடுங்க. வாற பெரும்போகக் கூட்டத்துக்கு முதல் எழுத்தில ஒரு பதில் தாங்க, மழை விழுந்து விதைச்ச பிறகு வாற பதில் எங்களுக்கு உதவாது.

படுவான்கரை மேட்டுநில விவசாயி ஒருவர்