தோளில் மூன்று விரல்

காரைக்குடி
ஞாயிறு இரவு

அன்புள்ள மாப்ளே,

நலம், நலமறிய ஆவல் என்று எழுதினால் சிரிப்பாய். போன வாரம்தான் போனில் முக்கால் மணி நேரம் பேசினோம். கம்ப்யூட்டரில் படத்தை அழிக்காமல் மறைக்கிற லேயர் மாஸ்க்கை நான் விளக்க, நீ "எந்தக் கட்டம், எந்தக் கட்டம்" என்று கத்த, கடைசியில் உன் மருமகள் போனை வாங்கி, "மாமாவுக்கு பிரஷர் ஏறுது, நாளைக்குப் பேசலாமா" என்று சொல்லி வைத்துவிட்டாள். அவள் சொன்னது சரிதான். இந்த விஷயம் போனில் ஆகாது. அதனால்தான் கடிதம். உன்னிடம் ஒரு உதவியும் கேட்க வேண்டும். அது கடைசியில்.

நீ அனுப்பிய படத்தைப் பார்த்தேன். தங்கச்சி மடியில் பேரன். பேரனைப் பார்க்காமலே அவள் போய்விட்டாள், அந்தப் பிள்ளையை அவள் மடியில் உட்கார வைக்க வேண்டும் என்று உனக்குத் தோன்றியதே, அதற்கு நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. ஆனால் டேய், அழிப்பானை எடுத்துத் தேய்த்திருக்கிறாயே! பின்னணியை அழிக்கிறேன் என்று அவள் காதோரத்து முடி முழுக்கப் போய்விட்டது. அதன்மேலேயே சேவ் வேறு செய்து மூடிவிட்டாய். ஒரிஜினல் பிரிண்ட் உன்னிடம் இருக்கிறதோ, பிழைத்தாய். மறுபடி ஸ்கேன் செய். அங்குலத்துக்கு 600 புள்ளி, அதாவது 600 டிபிஐ வை, 300 போதாது.

ஸ்டுடியோவில் மாஸ்டர் நம்மை பிளேடைத் தொட விட்டது எத்தனை வருஷம் கழித்து, ஞாபகம் இருக்கிறதா? முதலில் பென்சில்தான். உப்புத்தாளில் தீட்டித் தீட்டி ஊசி மாதிரி ஆக்கிய முனை. நெகட்டிவில் பென்சில் பிடிக்க மீடியம் தடவி, கண்ணுக்குக் கீழே இருக்கும் குழியைப் புள்ளி புள்ளியாக நிரப்புவோம். பென்சில் பட்ட இடம் பிரிண்டில் வெளுக்கும். தப்பாகிவிட்டால் துடைத்துவிட்டு மறுபடி போடலாம். பிளேடு அப்படியா? நெகட்டிவ்மேல் இருக்கும் படப் பூச்சான எமல்ஷனைச் சுரண்டினால் சுரண்டியதுதான், அந்த இடம் பிரிண்டில் கறுத்தே வரும். செட்டியார் வீட்டு ஆச்சியின் நெகட்டிவில் நீ ஒரு இழுப்பு அதிகமாக இழுத்துவிட்டு, ரெண்டு நாள் வேலைக்கு வராமல் இருந்தாயே. அழிப்பான் அந்த பிளேடு. மாஸ்க் அந்தப் பென்சில். இனி அழிப்பானைத் தொடாதே.

இப்போது கட்டத்துக்கு வருகிறேன். நீ படம் திருத்துகிற ஜிம்ப்பில் வலது பக்கம் லேயர்களின் வரிசை, அதாவது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய படங்களின் வரிசை இருக்கிறது அல்லவா, அதில் தங்கச்சி இருக்கும் லேயர்மேல் வலது கிளிக் செய்து 'ஆட் லேயர் மாஸ்க்' கொடு. வெள்ளையா கறுப்பா என்று கேட்கும். வெள்ளை சொல். படத்தில் ஒன்றுமே மாறாது, பயப்படாதே. ஆனால் அந்தச் சின்னப் படத்துக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைக் கட்டம் புதிதாக வந்திருக்கும். அதுதான் மாஸ்க். அதன்மேல் ஒரு தடவை கிளிக் செய்துவிட்டுத்தான் பிரஷ்ஷை எடுக்க வேண்டும். எந்தக் கட்டத்தைச் சுற்றி வெள்ளைக் கோடு இருக்கிறதோ அதில்தான் மை விழும். போன வாரம் பேரன் கன்னத்தில் கறுப்பு விழுந்தது இதனால்தான். நீ மாஸ்க்கில் தீட்டுவதாக நினைத்துக்கொண்டு பிள்ளைமேலேயே தீட்டிவிட்டாய். உன்னைக் குறை சொல்லவில்லை. இருபத்தைந்து வருஷமாக இதில் கிடக்கும் நானே மாதத்துக்கு ஒரு தடவை இதைச் செய்கிறேன்.

மாஸ்க்கில் கறுப்பு மறைக்கும், வெள்ளை காட்டும். டார்க் ரூமில் அட்டையைப் பிடித்து ஒளியை மறைத்தால் பேப்பர் வெளுக்குமே, அந்தக் கணக்கை இங்கே கொண்டு வராதே, குழம்பிப் போவாய். ஒரு கிராமத்து ஜன்னலை நினைத்துக்கொள். வெள்ளை என்றால் திறந்த ஜன்னல், கறுப்பு என்றால் சாத்திய ஜன்னல். முழுக் கறுப்புக்கு எண் 0, முழு வெள்ளைக்கு 255. நடுவில் 254 சாம்பல் இருக்கிறது, ஒவ்வொன்றும் ஜன்னலை ஒவ்வோர் அளவுக்குத் திறந்து வைக்கிறது. ஓரங்களில் உனக்கு வேண்டியது இந்தச் சாம்பல்தான். முடியை ஒவ்வொன்றாக வெட்டப் பார்க்காதே. அது யாராலும் ஆகாத காரியம். முடியைச் சுற்றிக் கொஞ்சம் பழைய பின்னணியையும் விட்டுவிட்டு, மெத்தென்ற பிரஷ்ஷால், அடர்த்தியைப் பத்து இருபது சதவீதத்துக்குக் குறைத்து, தடவித் தடவிக் கரைத்துவிடு. புதுப் பின்னணியைப் பழையதைப் போன்ற நிறத்திலேயே எடுத்தால் பாதி வேலை மிச்சம். தப்பாகத் தடவிவிட்டால் எக்ஸ் விசையைத் தட்டு, கறுப்பும் வெள்ளையும் இடம் மாறும். வெள்ளையால் தடவினால் போனது திரும்ப வரும். அந்த ஒரு விசையில்தான் என் பிழைப்பே ஓடுகிறது.

வெளிச்சத்தைக் கவனித்தாயா? தங்கச்சி படத்தில் ஒளி இடப்பக்கத்திலிருந்து வருகிறது, நம் ஸ்டுடியோ விளக்கு. பேரனை ஓசூர் பால்கனியில் போனில் எடுத்திருக்கிறாய், அங்கே ஒளி வலப்பக்கம். இரண்டில் ஒன்றை இடவலமாகத் திருப்பித்தான் ஆக வேண்டும். பேரனைத் திருப்பு. தங்கச்சியைத் திருப்பினால் முந்தானை வலது தோளுக்குப் போய்விடும், மூக்குத்தியும் பக்கம் மாறிவிடும். உன் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும், படத்தைப் பார்க்கிற முதல் பொம்பளை கண்டுபிடித்துவிடுவாள். பேரன் சட்டையில் எழுத்து கிழுத்து இருந்தால் அதுவும் இடவலம் மாறும், அந்த இடத்தைப் புடவை மடிப்பால் மறைத்துவிடலாம். அப்புறம் நிழல். பிள்ளை மடியில் உட்கார்ந்தால் புடவையில் நிழல் விழ வேண்டாமா? இரண்டு பேருக்கும் நடுவே ஒரு காலி லேயர் போட்டு, அதன் மோடை மல்டிப்ளை என்று மாற்றி, சாம்பல் நிறத்தில் லேசாகத் தடவு. நிழல் இல்லாவிட்டால் பிள்ளை அந்தரத்தில் மிதக்கும். கடைசியாக, போன் படம் மழமழவென்று இருக்கும், பழைய பிரிண்டில் மணல் மாதிரி கிரெய்ன் இருக்கும். பேரன்மேல் கொஞ்சம் நாய்ஸ், அதாவது பொடிப் புள்ளி, சேர். இதைச் செய்யாமல் விட்ட எத்தனை ஃப்ளெக்ஸ் போர்டுகளை நம் ஊரில் பார்க்கிறேன் தெரியுமா? தாத்தா 1970லும் பேத்தி நேற்றும் எடுத்தது என்று ரோட்டில் போகிறவனுக்கே தெரிகிறது.

நீ செய்வது ஒன்றும் புதுசில்லை. 1858லேயே ஹென்றி பீச் ராபின்சன் என்ற இங்கிலாந்துக்காரர் ஐந்து நெகட்டிவைச் சேர்த்து ஒரே பிரிண்ட் போட்டிருக்கிறார். சாகக் கிடக்கும் ஒரு பெண், சுற்றிலும் வீட்டார். நம் மாஸ்டர் எத்தனை வீட்டுக்கு அப்பா அம்மாவைச் சேர்த்து வைத்திருப்பார்! அப்பா எப்போதோ எடுத்த பாஸ்போர்ட் சைஸில், அம்மா யாரோ கல்யாணத்தில் ஓரமாக. இரண்டையும் வெட்டி ஒட்டி, ஒட்டிய ஓரத்தைப் பிரஷ்ஷால் மறைத்து, திரும்பப் படமெடுத்து மாலை போட்டுக் கொடுப்பார். உயிரோடு இருந்தபோது சேர்ந்து நின்று ஒரு படம் எடுத்துக்கொள்ளாதவர்கள் எல்லாம் சுவரில் ஜோடியாக இருந்தார்கள்.

கம்ப்யூட்டரிலும் லேயர் முதலில் கிடையாது. 1990ல் போட்டோஷாப் வந்தபோது, ஒரு படத்தின்மேல் இன்னொன்றை ஒட்டி, வெளியே ஒரு கிளிக் செய்தால் போதும், இரண்டும் ஒன்றாகிவிடும், பிரிக்க முடியாது. லேயர் வந்தது 1994ல், மூன்றாம் பதிப்பில். பின்னோக்கிப் பல படிகள் போகிற வசதி 1998ல்தான் வந்தது. அதுவரை ஒரே ஒரு அன்டூ. நாம் கடனில் கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில், போட்டோஷாப் திறக்கும்போது வருகிற பெயர்ப் பட்டியலில் சீதாராமன் நாராயணன் என்று பார்த்துவிட்டு நீ என்னைக் கூப்பிட்டுக் காட்டினாயே. "நம்ம ஆளுடா, நமக்குத் தெரியாமல் போகாது" என்று சொன்னாய். பதினைந்து நாளில் தெரியாது என்று சொல்லி டார்க் ரூமுக்குள் போய்விட்டாய். இப்போது பேரனுக்காகத் திரும்பி வந்திருக்கிறாய்.

சரி, உதவி விஷயம்.

போன மாதம் ஒரு பெண் கடைக்கு வந்தாள். இருபத்தெட்டு வயது இருக்கும். கையில் ஃபிரேம் போட்ட குரூப் போட்டோ, 12க்கு 18. பார்த்ததும் நம் கடை வேலை என்று தெரிந்துவிட்டது. 2003ல் அவள் அத்தை கல்யாணத்தில் எடுத்தது. முன்வரிசையில் ஆறு வயதுப் பிள்ளையாக அவள் நிற்கிறாள். ஃபிரேமைக் கவுண்டரில் வைத்து, அந்தப் பிள்ளையின் இடது தோளைத் தொட்டுக் காட்டி, "இது யாரோட விரல் அங்கிள்?" என்று கேட்டாள்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். மூன்று விரல். புகை மாதிரி, பாதி தெரிந்தும் தெரியாமலும். பின்னால் ஆள் இல்லை. அந்த இடத்தில் பந்தல் துணியும் வாழை மரமும்தான் இருக்கின்றன.

அது அவள் பெரியப்பா. கல்யாணம் முடிந்து நாலைந்து மாதத்தில் வீட்டுப் பாகப்பிரிவினையில் அண்ணன் தம்பிக்கு அடிதடி. அவள் அப்பா வந்து, "அண்ணனை எடுத்துட்டு வேற பிரிண்ட் போடுங்க" என்றார். முதல் பிரிண்டை ஸ்கேன் செய்து, பந்தலையும் வாழையையும் நீட்டித் தனி லேயரில் வைத்து, பெரியப்பாவை மாஸ்க்கில் மறைத்தேன். முந்நூறு ரூபாய் வாங்கினேன். தோள் ஓரத்தில் வெட்டு தெரியக் கூடாதே என்று மெத்தென்ற பிரஷ்ஷால் தடவியதில் அந்த இடம் கறுப்பாகாமல் சாம்பலாகவே நின்றுவிட்டது. அந்தக் காலத்து பதினைந்து அங்குல மானிட்டரில் எனக்குத் தெரியவில்லை. அவர் வாங்கிப் போனார், அவருக்கும் தெரியவில்லை. இந்தப் பெண் மட்டும் சின்ன வயதிலிருந்தே அதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். வீட்டில் கேட்டால் போட்டோ கெட்டுப்போச்சு என்பார்களாம். இப்போது அப்பாவும் இல்லை, பெரியப்பாவும் போன ஆனியில் போய்விட்டார். அம்மாதான் விஷயத்தைச் சொல்லியிருக்கிறாள். அந்தப் படத்தில் அவரைத் திரும்ப வைத்துத் தர முடியுமா என்று கேட்கிறாள்.

"ஒரு நிமிஷ வேலைம்மா" என்று சொல்லிவிட்டேன். மறைத்ததுதானே, அழிக்கவில்லையே, கறுப்பை வெள்ளையாக்கினால் ஆச்சு என்ற தைரியம். அலமாரியில் 2003 சிடி எல்லாம் இருக்கிறது, அதிசயமாக அந்த சிடி திறக்கவும் திறந்தது. உள்ளே இருந்தது வெறும் ஜேபெக், லேயர் இல்லாத படம். லேயரோடு இருக்கும் ஃபைல் நூற்றைம்பது எம்பி தொடும், ஒரு சிடியில் நாலு படத்துக்கு மேல் அடங்காது. அந்த வருஷம் ஹார்ட் டிஸ்க் நிரம்பியபோது நான்தான் உட்கார்ந்து ஒவ்வொன்றாக, லேயர்களை ஒன்றாக்கி ஃப்ளாட்டன் செய்து, ஐந்தாறு எம்பி ஜேபெக்காக மாற்றி எழுதினேன். சிக்கனம் பண்ணுகிறேன் என்று நினைப்பு. மாஸ்க்கில் மறைத்த ஆளை அன்றைக்கு நானே நிரந்தரமாக அனுப்பிவிட்டேன். மூன்று விரல்தான் மிச்சம்.

கடைப் பையன், "அண்ணே, ஏஐயில போட்டுரலாம், விரல் இருக்குல்ல, ஆளை அதுவே வரஞ்சுரும்" என்றான். போட்டும் காட்டினான். சட்டை, வேட்டி, மீசை எல்லாம் கனகச்சிதம். அதுவும் புது லேயரில், ஒரு மாஸ்க்கோடுதான் வருகிறது, அந்தப் பழக்கத்தை மட்டும் அது விடவில்லை. ஆனால் அந்த ஆள் யாரோ. அந்தப் பெண்ணிடம் நான் காட்டவே இல்லை.

அவர்கள் வீட்டில் இருந்த முதல் பிரிண்டைக் கிழித்துவிட்டார்களாம். ஆக, நெகட்டிவ்தான் ஒரே வழி. 2008ல் நீ கணக்கு முடித்துக்கொண்டு போகும்போது பழைய நெகட்டிவ் பெட்டிகளை நான் குப்பை என்றேன், நீ சண்டை போட்டு எடுத்துப் போனாய். ஏழு பேப்பர் பெட்டி. ஓசூருக்குக் கொண்டு போனாயா, உன் தம்பி வீட்டுப் பரணில் போட்டாயா, எனக்குத் தெரியாது. தங்கச்சி தூக்கிப் போடச் சொல்லி, நீ போட மாட்டேன் என்று சொன்னதுவரைக்கும் தெரியும். அந்தக் குரூப்பை யாஷிகாவில் எடுத்தேன், அதனால் சதுர நெகட்டிவ், 120 ஃபிலிம். கவர்மேல் சிவப்புப் பென்சிலில் பில் நம்பரும் 2003 வைகாசி என்றும் என் கையெழுத்தில் இருக்கும். கிடைத்தால் உள்ளே இருப்பதை வெளியே எடுத்து ஊதாதே, சட்டையில் துடைக்காதே. பூஞ்சை பிடித்திருந்தாலும் பரவாயில்லை, அப்படியே கவரோடு இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்து கூரியர் செய். துணி துவைக்கிற நாளில் பெட்டியை மொட்டை மாடிக்குக் கொண்டு போகிற யோசனையும் வேண்டாம், வெயில் ஆகாது.

உன் படத்தையும் அந்தப் புது ஸ்கேனில் ஆரம்பித்ததும் அனுப்பு. ஜேபெக்காக அனுப்பாதே. ஜிம்ப் சேவ் செய்யும்போது எக்ஸ்சிஎஃப் என்று வருமே, அந்த ஃபைலையே அனுப்பு, காதோரம் நான் பார்த்துக்கொள்கிறேன். இங்கே உன் அக்கா மூட்டு வலி என்று எண்ணெய் தடவிக்கொண்டிருக்கிறாள், உன்னைக் கேட்டதாக எழுதச் சொன்னாள். பரணில் நீ ஏறாதே, உன் மகனை ஏறச் சொல். அந்தப் பெண் தினமும் போன் செய்கிறாள். "தேடச் சொல்லியிருக்கேன்மா" என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறேன்.

உன்
மச்சான்