மஞ்சள் தெரிந்தால் போலியா? எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் அந்தப் படம் உங்களில் பலருக்கும் வந்திருக்கும். எங்களிடம் வாங்கிய, ரோமானியப் பேரரசி மூத்த ஃபௌஸ்டினாவின் உருவம் பொறித்த செஸ்டர்டியஸ் என்ற பழைய நாணயம், புளி போட்டுத் தேய்த்ததில் தகதகவென்று மஞ்சளாகியிருக்கிறது. "வெண்கலம் என்று சொல்லிப் பித்தளையைத் தலையில் கட்டிவிட்டார்கள்" என்று கீழே ஒரு வரி. கடைப் பெயரையும் சேர்த்தே போட்டிருக்கிறார்கள். வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

அது பித்தளைதான். ரோமானியப் பேரரசர் அகஸ்டஸ் நாணயங்களைச் சீரமைத்ததிலிருந்து செஸ்டர்டியஸும், அதில் பாதி மதிப்புள்ள டுபோண்டியஸும் செம்போடு துத்தநாகம் கலந்த ஒரிக்கால்க்கம் என்ற பித்தளையில்தான் அடிக்கப்பட்டன. தங்கமும் வெள்ளியும் அல்லாத ரோமானியக் காசையெல்லாம் வெண்கலம் என்பது சேகரிப்பாளர்களின் பொது வழக்கு. நாணயத்தோடு நாங்கள் தரும் சீட்டிலும் மேலே வெண்கலம் என்றும், அடியில் சிறிய எழுத்தில் ஒரிக்கால்க்கம் என்றும் இருக்கிறது. யாரும் எடுத்துப் பார்க்கலாம். மண்ணில் கிடந்து ஏறிய பச்சைப் படலத்தை உரித்தால் உள்ளே மஞ்சள் தெரியாமல் வேறென்ன தெரியும்? போலியைக் கண்டுபிடிக்க எடை, விளிம்பு, எழுத்தின் வெட்டு என்று எத்தனையோ இருக்க, நிறத்தையா பிடித்துக்கொள்வது?

சொல்லாமல் விட மனம் வரவில்லை: நாங்கள் கொடுத்தபோது ஃபௌஸ்டினாவின் உச்சியில் சுற்றிக் கட்டிய கொண்டையில் பின்னல் பின்னலாக எண்ணலாம். பின்புறத்தில் விளைச்சலின் தெய்வமான சீரிஸ் தேவி, கையில் தானியக் கதிரும் தீவட்டியும். கி.பி. 140-ஐ ஒட்டி இறந்த மனைவியைத் தெய்வமாக்கிப் பேரரசர் அன்டோனினஸ் பயஸ் வெளியிட்ட வரிசை அது. 'திவா ஃபௌஸ்டினா', அதாவது தெய்வமான ஃபௌஸ்டினா, என்ற பட்டம் அதனால்தான். இப்போது படத்தில் பின்னலையும் காணோம், கதிரையும் காணோம்.

வெளிர்பச்சைப் பொடி பூத்தால் அது வேறு சங்கதி. குளோரைடு உப்பால் வரும் அரிப்பு. சிங்கப்பூரின் ஈரக்காற்றில் விறுவிறுவென்று பரவும். பல்குச்சியால் தொட்டால் பொடி உதிரும், நல்ல படலம் உதிராது. அப்படிப் பூத்த நாணயத்தைச் சிலிக்கா ஜெல் போட்ட மூடிய டப்பாவில் தனியே வைத்து எங்களிடம் கொண்டுவாருங்கள். குத்துவிளக்கு துலக்குகிற மாதிரி நீங்களே இறங்கிவிடாதீர்கள்.

எங்களுக்காகக் குழுவில் வாதாடிய பழைய வாடிக்கையாளர்களுக்கு எப்படி நன்றி சொல்வது! ஜூனோ தேவியும் மயிலும் உள்ள, மூத்தவரின் மகளான இளைய ஃபௌஸ்டினாவின் நாணயத்தை எடுத்துப்போட்டு, தேய்ந்த விளிம்பில் எட்டிப்பார்க்கும் மஞ்சளைக் காட்டினாரே ஒருவர், அந்த ஒரு படம் எங்கள் பத்துப் பதில்களுக்குச் சமம்.

ஜிஎஸ்டி, காப்பீட்டுத் தபால் எல்லாம் கூடிவிட்டதால் விலையில் சிறு மாற்றம் உண்டு. திருப்பித் தரும் காலம் இனி 7 நாள். துலக்கிய நாணயங்களுக்கு அது பொருந்தாது.

பேரரசிகள் சபீனாவும் லூசில்லாவும் நாணயங்களாகப் புதிதாக வந்திருக்கிறார்கள். சனிக்கிழமை வாருங்கள், லென்ஸ் மேசைமேலேயே இருக்கும். சீட்டின் அடியையும் ஒருமுறை படித்துவிடுங்கள்.

அன்புடன்,
கடை உரிமையாளர்