அறிக்கையின் நகல் உன் கையில் இருக்கட்டும்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் இரத்த அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறது. தம்பி தேர்வை முடித்துவிட்டான். மற்ற சேதிகளை அவனே உனக்கு அனுப்பிவிடுகிறான் என்பதால் நான் விரித்து எழுதவில்லை. தொலைபேசியில் நான் வாய் திறப்பதற்குள் "எல்லாம் நல்லா இருக்குப்பா, அம்மாகிட்ட குடுங்க" என்று நீ முடித்துவிடுகிறாய். ஆகவே, நீ குறுக்கிட முடியாத இந்த வழியைத் தேர்ந்துகொண்டேன்.

சனிக்கிழமை உன் கூடைப்பந்து ஆட்டத்தை நேரலையில் முழுவதும் பார்த்தோம். 11 புள்ளி, 7 ரீபவுண்ட் என்று புள்ளிப்பட்டியல் சொல்கிறது. மூன்றாவது கால்பகுதியில், உன்னைவிட ஒரு சாண் உயரமான, வளையத்தடியில் நிற்கும் அந்தச் சென்டர் பெண்ணை முதுகால் தடுத்து நிறுத்திக்கொண்டே, பந்து வளையத்தில் பட்டு எந்தப் பக்கம் எகிறும் என்று முன்பே அறிந்தவள்போல் இரண்டு கைகளாலும் அதைப் பறித்தாயே, அந்த அழகு எந்தப் பட்டியலிலும் வராது. எனக்குப் பெருமையாக இருந்தது. ஆனால் பந்தைப் பறித்த பிறகு நீ வலது காலில் மட்டுமே இறங்கினாய்; இடது கால் ஒரு கணம் தயங்கித்தான் தரையைத் தொட்டது. அதன்பின் நான் ஆட்டத்தைப் பார்க்கவில்லை, உன் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். டைம்-அவுட்டில் மற்ற நால்வரும் உட்கார, நீ மட்டும் நின்றுகொண்டிருந்தாய். உன்னை வெளியே அழைத்தபோதும் பெஞ்சில் உட்காராமல், அதற்குப் பின்னால் வைத்திருக்கும் உடற்பயிற்சி சைக்கிளில் ஏறி மெல்ல மிதித்துக்கொண்டிருந்தாய். போன பருவத்தில் முட்டியோடு நின்றிருந்த கறுப்பு உறை இப்போது தொடைவரை ஏறியிருக்கிறது. வலப்பக்கமாகப் பாய்ந்து, இடது காலால் உந்தி வளையத்தருகே எழும்பிப் பந்தை இடும் லே-அப் போடுவதுதான் உன் பலம் என்பது எதிரணிக்கும் தெரியும்; அன்றைக்கு அவர்கள் அந்தப் பக்கத்தைத் திறந்தே விட்டிருந்தும் நீ உள்ளே போகாமல் நின்ற இடத்திலிருந்தே எறிந்துகொண்டிருந்தாய்.

முழங்காலைப் பற்றி நான் எதுவும் கேட்கப்போவதில்லை. கேட்டால் என்ன பதில் வரும் என்பதை முன்பு உன் விரலில் அடிபட்டபோதே பார்த்துவிட்டேன். நான் எழுத உட்கார்ந்தது உன் ஒப்பந்தத்தைப் பற்றி.

இந்தப் பருவத்தோடு ஒப்பந்தம் முடிகிறது. உன் முகவர் நல்ல மனிதர்தான், மறுக்கவில்லை. ஆனால் அவருக்குச் சேரவேண்டிய கட்டணத்தைப் பல நேரங்களில் கிளப்பே கொடுக்கிறது என்பதையும், உனக்கு இடம் கிடைத்தால்தான் அவருக்கு வருமானம் என்பதையும் மனத்தில் வைத்துக்கொண்டு அவருடைய யோசனைகளைக் கேள். சம்பளம் உறுதி செய்யப்பட்டது என்று எழுதியிருந்தால் மட்டும் போதாது; ஆட்டத்திலோ பயிற்சியிலோ காயம் பட்டாலும் சம்பளம் தொடரும் என்ற வரி தனியாக இருக்கவேண்டும். பணம் வராவிட்டால் ஜெனீவாவில் இருக்கும், உலகக் கூடைப்பந்து அமைப்பான ஃபிபாவின் நடுவர் தீர்ப்பாயத்துக்குப் போகலாம் என்ற பிரிவும் இருக்கவேண்டும். 2007-இல் அந்தத் தீர்ப்பாயம் வந்த பிறகுதான் வெளிநாட்டு ஆட்டக்காரர்களுக்கு, கிளப்பின் சொந்த ஊர் நீதிமன்றத்தில் மொழி தெரியாமல் நிற்கும் நிலை பெரும்பாலும் மாறியது. ஆனால் ஒப்பந்தத்தில் அந்தப் பிரிவு இல்லாதவருக்கு அந்தக் கதவு திறக்காது. உனக்கு வரவேண்டிய பழைய பாக்கிக்கு என்ன ஆயிற்று என்று நீயும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இதையெல்லாம் ஏன் எழுதுகிறேன் என்றால், காயத்துக்கான அந்த வரி எத்தனை நன்றாக எழுதப்பட்டிருந்தாலும், காயம் எப்போது வந்தது என்பதற்கு ஒரு காகிதம் வேண்டும். கிளப் மருத்துவர் உன்னைப் பார்த்தாரானால், அவர் எழுதிய அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்கு. எம்ஆர்ஐ எடுத்திருந்தால் அதன் படங்களையும் வாங்கு. ஊசி ஏதாவது போட்டிருந்தால், என்ன மருந்து, எந்தத் தேதி என்று எழுதி வாங்கு. அந்த மருத்துவர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. அவருக்குச் சம்பளம் கொடுப்பது கிளப். சனிக்கிழமை நீ ஆடவேண்டும் என்று நினைப்பதும் கிளப். அதனால் கிளப்போடு சம்பந்தமில்லாத ஒரு மூட்டு மருத்துவரிடமும் ஒருமுறை காட்டிவிடு.

நீ மறைக்கிறாய் என்று நான் சொல்லவில்லை. மறைப்பவர்கள் என்ன கணக்குப் போடுகிறார்கள் என்பது எனக்குத் தெரியும் என்று மட்டும் சொல்கிறேன். பருவம் முடியும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு ஆடிவிட்டால், நல்ல எண்களோடு அடுத்த ஒப்பந்தம் வந்துவிடும் என்பது அந்தக் கணக்கு. ஆனால் அடுத்த கிளப்பில் கையெழுத்திட்ட கையோடு மருத்துவப் பரிசோதனை இருக்கிறதே! அதில் தேறாவிட்டால் ஒப்பந்தம் செல்லாது என்றுதான் பெரும்பாலும் எழுதியிருப்பார்கள். அங்கே அவர்கள் கண்டுபிடித்தால், இது பழைய காயம் என்பார்கள். பழைய கிளப்போ, எங்களிடம் இருந்தவரை அவள் எதுவும் சொல்லவில்லையே என்று கைவிரிக்கும். இருவருக்கும் நடுவில் காகிதம் இல்லாமல் நிற்பவள் நீதான்.

ஐசேயா தாமஸை உனக்கு நினைவிருக்கும். டெட்ராய்ட் அணிக்கு ஆடிய, அதே பெயருள்ள பழைய தாமஸைச் சொல்லவில்லை. பாஸ்டனுக்கு ஆடிய 5 அடி 9 அங்குலக்காரர். அமெரிக்க ஆண்கள் லீகான என்பிஏ-வின் அணிகள் 2011-இல் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுத்தபோது கடைசியாக, 60-ஆவது ஆளாக எடுக்கப்பட்டவர்; 2016-17 பருவத்தில் ஆட்டத்துக்குச் சராசரி 28.9 புள்ளிகள் எடுத்தார். அவருடைய படத்தை உன் அறைக் கதவில் ஒட்டி வைத்திருந்தாய், உயரத்தைப் பற்றி யாராவது பேசினால் அதைக் காட்டுவாய். அந்தப் பருவத்தின் மார்ச் மாதத்திலேயே அவருடைய இடுப்பு மூட்டில் அடிபட்டிருந்தது. ஏப்ரலில், பருவ இறுதியில் கோப்பைக்காக நடக்கும் பிளே-ஆஃப் சுற்றில் பாஸ்டனின் முதல் ஆட்டத்துக்கு முந்தைய நாள் அவருடைய தங்கை விபத்தில் இறந்தார், அவர் ஆடினார். மே 2, அந்தத் தங்கையின் பிறந்தநாள் அன்று, வாஷிங்டனுக்கு எதிராக 53 புள்ளிகள் எடுத்தார். நீயும் நானும் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தோம். அதே மாதம், கிளீவ்லாந்துக்கு எதிரான இரண்டாவது ஆட்டத்தின் பாதியில் அந்த இடுப்பு அவரை நிறுத்தியது. ஆகஸ்டில் பாஸ்டன் அவரை அந்தக் கிளீவ்லாந்துக்கே மாற்றிக் கொடுத்துவிட்டது. அடுத்த ஆண்டு மார்ச்சில் இடுப்பில் அறுவை சிகிச்சை. கோடையில் டென்வரோடு கையெழுத்திட்டது, பெரிய தொகைக்கு அல்ல, அனுபவ ஆட்டக்காரருக்கான குறைந்தபட்சச் சம்பளத்தில் ஓராண்டுக்கு. அந்த ஆண்டு அவர் ஆடியது 12 ஆட்டங்கள்.

அந்த 53 புள்ளிகளை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். அப்படியோர் இரவு எத்தனை பேருக்கு வாய்க்கும்? அன்றைக்கு எழுந்து நின்று கைதட்டிய அரங்கத்தில் ஒருவர்கூட அவருக்குத் தீங்கு நினைக்கவில்லை. ஆனால் அடுத்த சம்பளத்தை முடிவு செய்யும் அறையில் கைதட்டியவர்கள் இருப்பதில்லை, அங்கே மூட்டின் படத்தைத்தான் விளக்கில் பிடித்துப் பார்க்கிறார்கள். உன்னிடம் அந்தப் படத்தின் நகல் இருக்கட்டும் என்பதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பெண் ஆட்டக்காரர்களுக்கு முழங்காலின் ஏசிஎல் தசைநார் கிழிவது ஆண்களைவிட அதிகம் என்பது நீயே முன்பு எனக்குச் சொன்ன விஷயம். அதிலும் பெரும்பாலானவை யாரும் மோதாமலேயே, ஓட்டத்தைச் சட்டென்று நிறுத்தும்போதோ, திரும்பும்போதோ, குதித்து இறங்கும்போதோ முட்டி உள்பக்கமாகச் சரிந்து நேர்கின்றன. ஒரு காலில் வலி இருப்பவள் தன்னையறியாமல் இன்னொரு காலில் பாரத்தைப் போடுகிறாள். வலியில்லாத அந்தக் கால் எத்தனை நாள் இரண்டு காலின் வேலையையும் செய்யும்? இப்போது இருப்பது தசைநாண் அழற்சியாக இருந்தால் சில வாரங்களோ சில மாதங்களோ ஓய்வும் முறையான பயிற்சியும் போதுமாக இருக்கலாம். வலியை மட்டும் அடக்கிக்கொண்டு ஆடி, ஏசிஎல்லே போய்விட்டால், அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஒன்பது மாதங்களுக்கு முன்னால் களத்துக்குத் திரும்புவதே மறுபடி கிழியும் ஆபத்தைக் கூட்டும் என்கிறார்கள். ஒரு பருவமே போய்விடும். நீ பயப்படவேண்டும் என்பதற்காக எழுதவில்லை, நான் பயந்துபோய் எழுதுகிறேன்.

உன் இடத்துக்கு ஆள் காத்திருக்கிறார்கள் என்று நீ சொல்வாய். உண்மைதான். அமெரிக்கப் பெண்கள் லீகிலேயே 2024 வரை 12 அணிகள், அணிக்கு அதிகபட்சம் 12 பேர். ஆக மொத்தம் 144 இடங்கள்தாம். அங்கே இடம் கிடைக்காதவர்கள்தாம் உன் லீகிலும் வந்து நிற்கிறார்கள். ஆனாலும் அந்த 144 இடங்களில் நெடுங்காலம் நின்றவர்களைப் பார். டயானா டௌராசி 2014-இல் ஃபீனிக்ஸ் அணியோடு கோப்பை வென்ற அடுத்த ஆண்டே அந்த லீகில் ஆடவில்லை. ஓய்வெடுத்துக்கொள்வதற்காகவே அவருடைய ரஷ்யக் கிளப் பணம் கொடுத்தது. ஆடாமல் இருப்பதற்குச் சம்பளமா என்று நான் வியந்தபோது நீ சிரித்தாய். கிளப் முட்டாள் இல்லை; அந்தக் கால்கள் எவ்வளவு விலை மதிப்புள்ளவை என்பது அதற்குத் தெரிந்திருந்தது. டௌராசி 42 வயதில், ஆறு ஒலிம்பிக் தங்கங்களோடு 2025-இல்தான் விடைபெற்றார். அந்த ஒரு கோடை ஓய்வுதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று சொல்ல நான் மருத்துவன் இல்லை. பிரியான்னா ஸ்டூவர்ட் 2019 ஏப்ரலில் ஐரோப்பியக் கிளப்புகளின் யூரோலீக் இறுதியாட்டத்தில் குதிகால் தசைநாண் அறுந்து விழுந்தார். அந்த அமெரிக்கப் பருவம் முழுவதையும் விட்டுவிட்டு உட்கார்ந்தார். 2020-இல் சியாட்டில் கோப்பை வென்றபோது இறுதித் தொடரின் சிறந்த ஆட்டக்காரர் அவர்தான். வெளியே உட்கார்ந்தவர்களை ஆட்டம் மறந்துவிடும் என்று யார் உனக்குச் சொன்னார்கள் என்று தெரியவில்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். தம்பியின் படிப்புச் செலவை நீ ஏற்றுக்கொண்டதிலிருந்துதான் நீ ஓர் ஆட்டத்தைக்கூட விடாமல் ஆடுகிறாய் என்று உன் அம்மா நினைக்கிறாள். அந்தச் செலவை ஏற்கும்படி உன்னை யார் கேட்டார்கள்? நீ அனுப்பும் பணத்தால்தான் இந்த வீட்டில் பல காரியங்கள் நடக்கின்றன என்பதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. அதை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் அந்தப் பணத்துக்காக ஊசி போட்டுக்கொண்டு களத்தில் இறங்குகிறாய் என்றால், அதை வாங்கிச் செலவு செய்ய எங்களால் முடியாது. தம்பியிடம் பேசிவிட்டேன், கல்விக் கடனுக்கு விண்ணப்பிக்க ஒத்துக்கொண்டான். இதில் நீ கோபப்பட ஒன்றுமில்லை, கோபப்பட்டாலும் விண்ணப்பம் போய்விட்டது.

பாதியில் நிற்கும் உன் பட்டத்தைப் பற்றி இந்தக் கடிதத்தில் எழுதவேண்டாம் என்று அம்மா சொல்லியிருக்கிறாள். ஆகவே எழுதவில்லை.

பிளே-ஆஃப் தொடங்குவதற்கு முன் கிளப்பிடம் எழுத்தில் தெரிவி. வாயால் பயிற்சியாளரிடம் சொல்வது போதாது. முகவருக்கும் அதன் பிரதியை அனுப்பு. வெளி மருத்துவர் ஒருவரைப் பார், அவர் ஆடலாம் என்று சொன்னால் ஆடு, நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன். முதல் வரிசையில் உட்கார்ந்து கத்த முடியாத குறைக்கு இங்கிருந்தே கத்துவேன். அவர் கூடாது என்றால் அதையும் எழுதி வாங்கு. எல்லாவற்றின் நகலும் உன்னிடம் ஒன்று, தம்பியின் மின்னஞ்சலில் ஒன்று இருக்கட்டும்.

பதில் கடிதம் எழுத உனக்கு நேரமிருக்காது. மருத்துவரின் பெயரையும் பார்க்கப்போகும் தேதியையும் மட்டும் அனுப்பினால் போதும். அதற்குமேல் எதையும் கேட்கமாட்டேன் என்று எழுதினால் நீ நம்பப்போவதில்லை, அதனால் எழுதவில்லை.

அன்புடன்,
அப்பா