வெள்ளத்தில் கைகொடுத்தவர்களுக்கு எங்கள் சபையின் நன்றி மடல்

கிறிஸ்துவுக்குள் அன்பானவர்களுக்கும், எங்கள்மேல் அன்பு பாராட்டிய பிற சமயச் சகோதர சகோதரிகளுக்கும் எங்கள் ஸ்தோத்திரங்களும் வணக்கங்களும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணியில் வந்த வெள்ளத்தில், ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுக்குக் கீழே ஆற்றை ஒட்டி இருக்கிற எங்கள் ஊரும் ஆலயமும் பட்ட பாட்டை நீங்கள் அறிவீர்கள். வீடுகள் சீர்செய்யப்பட்டு, ஆலய வேலையும் நிறைவுபெற்று, ஆராதனை மறுபடியும் ஆலயத்துக்குள் நடக்கத் தொடங்கிவிட்டது. உதவிய ஒவ்வொருவருக்கும் தனித்தனியே எழுதுவதே முறை. ஆனால் பெயர் சொல்லாமல் கொடுத்துச் சென்றவர்கள் பலர் என்பதால், சபையின் சார்பில் இந்தப் பொது மடலை எழுதுகிறோம்.

அந்த 17ஆம் தேதி திருவருகைக் காலத்து மூன்றாம் ஞாயிறு. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டிய அந்த இரவில், திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயிலே ஸ்ரீவைகுண்டத்தில் நகர முடியாமல் நின்றதும், அதில் சிக்கியவர்களுக்குச் சுற்றுப்புற ஊர்க்காரர்கள் சோறாக்கிக் கொடுத்ததும் நாடறிந்த செய்திகள். எங்கள் ஊருக்குக் கடற்கரையிலிருந்து லாரிகளில் படகுகளை ஏற்றிக்கொண்டு வந்த மீனவச் சகோதரர்களுக்கு முதல் நன்றி. அவர்களை யாரும் அழைக்கவில்லை. தங்கள் வீடுகளிலும் தண்ணீர் வடியாத நிலையில் அண்டா அண்டாவாகச் சோறு அனுப்பிய பக்கத்து ஊர் ஜமாஅத்துப் பெரியவர்களுக்கும், வயதானவர்களையும் கைக்குழந்தைக்காரிகளையும் தங்க வைக்கக் கல்யாண மண்டபத்தைத் திறந்துவிட்ட மேட்டுத்தெரு அண்ணாச்சிமாருக்கும் கடன்பட்டிருக்கிறோம்.

தண்ணீர் வடிந்த பிறகுதான் எங்களுக்குள் ஒரு கேள்வி எழுந்தது. அதைச் சொல்லாமல் இந்த நன்றி முழுமையாகாது. உதவி வேண்டி வெளியூர்ச் சபைகளுக்குக் கடிதம் எழுதலாம் என்ற யோசனை சபைக்கூட்டத்தில் வந்தபோது, தேவனிடத்தில் மட்டும் கேட்போம், மனிதரிடம் கேட்பது அவிசுவாசம் என்று மூப்பர் சிலர் மெய்யான பாரத்தோடு சொன்னார்கள். 1901இல் டோனாவூரில் குடியேறி ஆதரவற்ற பிள்ளைகளை வளர்த்த ஏமி கார்மைக்கேல் அம்மையார், பணம் வேண்டும் என்று பொதுவில் கேட்பதில்லை என்ற உறுதியோடு ஊழியம் செய்ததை அவர்கள் எடுத்துக்காட்டினார்கள். நம் சீமையிலேயே நடந்த சாட்சி அது, தள்ளிவிடக் கூடியதன்று.

எங்கள் சேகரத்துப் போதகரான ஐயரவர்கள் அதற்கு உடனே மறுமொழி சொல்லாமல், வேதாகமத்தில் எஸ்றா, நெகேமியா ஆகிய இரண்டு ஆகமங்களையும் வாசித்துவிட்டு வரச் சொன்னார்கள். பெர்சியாவின் அர்தசஷ்டா ராஜாவுடைய ஏழாம் வருஷத்தில் எருசலேமுக்குப் புறப்பட்ட எஸ்றா, எங்கள் தேவனுடைய கரம் எங்கள்மேல் இருக்கிறது என்று ராஜாவிடம் சொல்லிவிட்டதால், வழித்துணைக்குப் படை கேட்க வெட்கப்பட்டு, அகாவா நதியண்டையில் உபவாசம் கூறினார். அதே ராஜாவின் இருபதாம் வருஷத்தில் நெகேமியா, பரலோகத்தின் தேவனை நோக்கி ஜெபம்பண்ணிய அந்த நிமிஷத்திலேயே ராஜாவிடம் வாய்திறந்து கேட்டார். எருசலேமின் அலங்க (மதில்) வேலைக்கு மரம் தரும்படி வனக்காவலாளனுக்குக் கடிதம் வாங்கினார். குதிரைவீரரும் அவரோடு வந்தார்கள். இருவருமே தேவனை நம்பினவர்கள். கேட்காமலிருக்க ஒருவரையும், கேட்க மற்றவரையும் நடத்தினவர் ஒரே தேவன் என்றால், எங்களுக்கு இப்போது எது என்பதை ஜெபத்தில் காத்திருந்து அறிய வேண்டும் என்றார்கள் ஐயரவர்கள். அந்தப் பொறுமைக்காக அவர்களுக்கும், இரவு ஜெபங்களைத் தவறாமல் நடத்திய உபதேசியாருக்கும் எங்கள் நன்றி.

இந்த இடத்தில் ஒன்றை வெளிப்படையாக எழுதுவதை அனுமதியுங்கள். வெள்ளம் எங்கள் ஊர்ப் பாவத்துக்கு வந்த தண்டனை என்று வெளியிலிருந்து வந்து 'தீர்க்கதரிசனம்' சொன்னவர்களும் உண்டு. ஆவிகள் தேவனால் உண்டானவைகளோ என்று சோதித்தறியச் சொன்னவர் யோவான்; தீர்க்கதரிசிகள் பேசும்போது மற்றவர்கள் நிதானிக்கக் கடவர்கள் என்று கட்டளையிட்டவர் பவுல். அந்த வார்த்தைகளைச் சபை நிதானித்தது, ஏற்கவில்லை. வீட்டை இழந்து நிற்கிறவளிடம் ஆவியானவர் முதலில் பேசுகிற பேச்சு அதுவாக இருக்கும் என்று எங்களால் நம்ப இயலவில்லை.

ஜெபித்துக் காத்திருந்த அந்த நாட்களின் முடிவில், தயக்கம் காட்டிய மூப்பர்களே முன்வந்து, கேட்கலாம் என்று சொன்னார்கள். கடிதத்தின் முதல் வரிகளை எழுதித் தந்தவரும் அவர்களில் ஒருவரே. வானத்திலிருந்து சத்தம் எதுவும் கேட்கவில்லை. பரிசுத்த ஆவிக்கும் எங்களுக்கும் நலமாகக் கண்டது என்று எருசலேம் சபையார் எழுதினார்களே, அந்த 'எங்களுக்கும்' என்பதில் எத்தனை பேருடைய பேச்சும் பொறுமையும் அடங்கியிருக்கும் என்பது எங்களுக்கு அப்போது விளங்கிற்று.

பணம் வரத் தொடங்கியதும், முதலில் எதைக் கட்டுவது என்ற கேள்வி வந்தது. சீலிங் இடிந்து, பலிபீடத்தருகே சேறு காய்ந்து கிடந்த ஆலயத்தையே முதலில் எடுப்போம் என்று பெரும்பாலோர் நினைத்திருந்தபோது, பெண்கள் ஐக்கிய சங்கத்தைச் சேர்ந்த ஒரு தாயார் எழுந்து, "வீடில்லாதவ எங்கிருந்துய்யா குளிச்சு உடுத்திக் கோயிலுக்கு வருவா?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார்கள். மேற்கொண்டு விவாதம் நடக்கவில்லை. வீடுகள் முதலில் எடுக்கப்பட்டன. சபையைச் சேராத குடும்பங்களின் வீடுகளும் அதில் அடங்கும். வாழையும் பிசானப் பருவத்து நெல்லும் பறிபோன சிறு விவசாயிகளுக்குக் கன்றும் விதையும் வாங்கிக் கொடுக்கப்பட்டன. அதுவரை ஆராதனை பள்ளிக்கூட வராந்தாவில் நடந்தது. கிறிஸ்துமஸ் ஆராதனையும் அங்கேதான். ஆவியானவரின் நடத்துதலைப் பற்றி நாங்கள் கேட்ட பிரசங்கங்கள் அநேகம். அந்தத் தாயாரின் ஒரு கேள்வியை அவற்றுக்குமேல் வைக்கிறோம். ஐயரவர்கள் இதைப் பொறுத்துக்கொள்வார்கள் என்று நம்புகிறோம்.

கடிதம் கண்டு உதவியவர்களில், கைப்பிடி அரிசியை விற்ற பணத்தை அனுப்பிய மேற்குப் பக்கத்து ஊர்ச் சபைகளின் தாய்மாரைத் தனியே சொல்ல வேண்டும். உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி எடுத்துக் கர்த்தருக்கென்று பானையில் போடும் வழக்கத்தை நம் பாட்டிமார் விட்டுச்சென்றார்கள். 1903இல் வேதநாயகம் அசரியா முதலானோர் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கி, நம் பணத்தாலும் நம் ஆட்களாலுமே ஊழியம் நடக்கட்டும் என்று துணிந்தபோது, அவர்கள் நம்பி இறங்கியது இப்படிப்பட்ட சிறு காணிக்கைகளைத்தான். மும்பையிலும் சென்னையிலும் வளைகுடா நாடுகளிலும் வேலை பார்க்கும் எங்கள் ஊர்ப்பிள்ளைகளுக்கும், கூலியில் பாதியை விட்டுக்கொடுத்த கொத்தனார், ஆசாரிமாருக்கும், நனைந்து ஒட்டிப்போன ஞானஸ்நானப் பதிவேடுகளை ஏடு ஏடாகப் பிரித்து, பழைய செய்தித்தாள்களுக்கிடையே வைத்து உலர்த்திக் கொடுத்த ஓய்வுபெற்ற ஆசிரியைக்கும் நன்றி.

ஆசியாவுக்கும் பித்தினியாவுக்கும் போகவிடாமல் ஆவியானவர் தடுத்ததால்தான் பவுல் கடல் கடந்து பிலிப்பிக்குப் போனார். பிற்பாடு அவர் காவலில் இருந்தபோது எப்பாப்பிரோதீத்துவின் கையில் உதவி கொடுத்தனுப்பியது அந்தப் பிலிப்பி சபைதான். அதற்கு அவர் எழுதிய நன்றியில், உபகாரத்தை நாடாமல் உங்கள் கணக்குக்குப் பலன் பெருகும்படியே நாடுகிறேன் என்கிறார். உங்களுக்காக நாங்கள் ஏறெடுக்கும் ஜெபமும் அதுவே.

வரவு செலவுக் கணக்கு தணிக்கை செய்யப்பட்டு ஆலய அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டிருக்கிறது. யாரும் பார்க்கலாம், கேள்வியும் கேட்கலாம். மீதமிருந்த தொகை, அடுத்து எந்த ஊரில் தண்ணீர் புகுந்தாலும் உடனே எடுத்துக் கொடுப்பதற்கென்று தனிக் கணக்கில் போடப்பட்டுள்ளது. வருகிற பிரதிஷ்டைப் பண்டிகையின் அசன விருந்துக்கு உதவிய யாவரும், எந்தச் சமயத்தாராயினும், குடும்பத்தோடு வரும்படி அன்பாய் அழைக்கிறோம். படகு கொண்டு வந்தவர்கள் யார் யார் என்று தெரிந்தவர்கள் அவர்களுக்கும் தயவுசெய்து சொல்லிவிடுங்கள்.

இங்ஙனம்,
சபையார் சார்பில்,
சபைக் கமிட்டிச் செயலாளர்