மூச்சு வாங்கும் பெட்டி

அன்புள்ள கோபி,

உன் இரண்டு கடிதங்களுக்கும் சேர்த்து இந்த ஒன்று. தாமதத்துக்குத் திட்ட வேண்டியதை எல்லாம் திட்டி முடித்துவிட்டாய் என்று வைத்துக்கொள்கிறேன். இங்கே எல்லோரும் நலம். பெரியவருக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது. இப்போது எல்லோர் கையெழுத்திலும் குறை கண்டுபிடிக்கிறார். உன்னுடையதைப் பார்த்துவிட்டு என்ன சொன்னார் என்பதை நேரில் சொல்கிறேன்.

போன வாரம் சித்ரா போன் செய்தாள். இரவு இரண்டு மணிக்கு எழுந்து, டார்ச்சும் கையுமாகப் போய், விளக்கு வைத்துக் கீரை வளர்க்கிற உன் மரப்பெட்டியின் கதவைத் திறந்து பார்க்கிறாயாம். "பிள்ளை அழுதபோது ஒரு நாளாவது எழுந்திருப்பானா?" என்று கேட்டாள். நான் என்னடா பதில் சொல்ல?

சரி, பெட்டிக்கு வருகிறேன். 60 × 60 × 120 செ.மீ., அதாவது 432 லிட்டர். நிமிடத்துக்கு ஒரு தடவை காற்று மாற 15 சி.எப்.எம். (நிமிடத்துக்கு இத்தனை கன அடி காற்று) போதும், உன் 8 செ.மீ. ஃபேன் ஒவ்வொன்றும் 30; கீழே ஒன்று தள்ளுகிறது, மேலே ஒன்று இழுக்கிறது, ஆக 60, தேவைக்கு நாலு மடங்கு; பிறகு ஏன் அறையில் 26 டிகிரி, பெட்டியில் 37 என்று கேட்டிருக்கிறாய். பெருக்கல் எல்லாம் சரிதான். பெருக்க எடுத்த எண்தான் தப்பு. ஃபேன் எவ்வளவு பெரிதாக வேண்டும் என்பதைப் பெட்டியின் கொள்ளளவு சொல்லாது, விளக்கின் வாட் சொல்லும். சுவர் பிளக்கில் 100 வாட் இழுக்கிற எல்.இ.டி. விளக்கு, கிட்டத்தட்ட 100 வாட்டையும் கடைசியில் வெப்பமாகத்தான் பெட்டிக்குள் கொட்டும். "எல்.இ.டி. சூடாகாது" என்று உன்னிடம் சொன்னது யாரோ, அவரையே ஒரு மணி நேரம் உள்ளே உட்கார வை.

வாட்டை மூன்றால் பெருக்கு. அறையைவிட எத்தனை டிகிரி கூடினால் பரவாயில்லையோ அதால் வகு. மணிக்கு எத்தனை கன மீட்டர் காற்று வேண்டும் என்று வந்துவிடும். 4 டிகிரி கூடலாம் என்றால் 300 / 4 = 75 கன மீட்டர். மணிக்கு 1.7 கன மீட்டர் ஒரு சி.எப்.எம். என்பதால் 44 சி.எப்.எம். இதையே தலைகீழாகப் போட்டால் உன் குட்டு வெளிப்படும்: 11 டிகிரி கூடியிருக்கிறது, 300 / 11 = 27 கன மீட்டர், அதாவது 16 சி.எப்.எம். நீ 60 என்று நம்பிய இடத்தில் ஓடுவது 16. சுவர் வழியாகவும் இலை வழியாகவும் கொஞ்சம் வெப்பம் கழிவதால், உண்மையில் அதுவும் இருக்காது.

மீதி எங்கே போனது? ஒன்றன் பின் ஒன்றாக நிற்கிற இரண்டு ஃபேன் வழியாகவும் போவது அதே காற்றுதான். அதனால் அழுத்தம் கூடும், அளவு இரட்டிக்காது. அடுத்து, அட்டைப்பெட்டியில் அச்சடித்திருக்கும் 30 என்பது எதிரே ஒரு தடையும் இல்லாமல் அளந்த எண். நீ வலை போட்டிருக்கிறாய், தேன்கூடு மாதிரி கம்பி மூடி போட்டிருக்கிறாய், வெளிச்சம் கசியாமல் இருக்க ஓட்டைக்கு முன்னால் ஒரு பலகையும் வைத்திருக்கிறாய். அந்தப் பலகைக்கும் ஓட்டைக்கும் நடுவே ஒரு சென்டிமீட்டர் என்று எழுதியிருக்கிறாய், அது போதாது. மறைப்புப் பலகை ஓட்டை விட்டத்தில் கால் பங்காவது தள்ளி நிற்க வேண்டும்: 8 செ.மீ. ஓட்டைக்கு 2 செ.மீ., 12க்கு 3. அதற்குக் குறைந்தால் ஓட்டை எவ்வளவு பெரிதானாலும் காற்றுக்கு வழி அந்த இடுக்கு மட்டும்தான்.

அந்த இரண்டு ஃபேனையும் கழற்று. 12 செ.மீ. ஃபேன் இரண்டு வாங்கி, பின்பக்கச் சுவரின் உச்சியில் பக்கத்தில் பக்கத்தில், இரண்டும் வெளியே தள்ளும்படி வை. ஒவ்வொன்றும் 70 சி.எப்.எம். என்று போட்டிருந்தால், தடையெல்லாம் போகப் பாதியாவது கையில் நிற்கும். இரண்டும் சேர்ந்து 70. உனக்கு வேண்டியது 44. மிச்சத்தை வேகம் குறைத்து ஓட்ட வைத்துக்கொள், சத்தமும் குறையும். வேகத்தைப் பாதியாக்கினால் சுமார் 15 டெசிபல் இறங்கும். சட்டத்தில் ஸ்குரூ ஓட்டைகள் 105 மி.மீ. இடைவெளியில் இருக்கும். பலகைக்கும் சட்டத்துக்கும் நடுவே ரப்பர் வை, இல்லாவிட்டால் பிளைவுட் மத்தளம் மாதிரி அதிரும். காற்றுப் போகும் திசைக்குச் சட்டத்தின் ஓரத்தில் அம்புக்குறி இருக்கும். இல்லை என்றால், ஸ்டிக்கரும் தாங்கும் கால்களும் உள்ள பக்கம்தான் காற்று வெளியேறும் பக்கம். சுவரில் நிமிர்ந்து நிற்பதே நல்லது. மேல்கூரையில் படுக்க வைத்தால் ஃபேனின் அச்சைத் தாங்கும் சாதாரண ஸ்லீவ் பேரிங் சீக்கிரம் தேய்ந்து கரகரக்கும், பால் பேரிங் பார்த்து வாங்க வேண்டியிருக்கும்.

கீழே ஃபேனே வேண்டாம். வெறும் திறப்பு போதும், ஆனால் பெரிதாக. மேலே இரண்டு ஓட்டையும் சேர்ந்து 226 சதுர செ.மீ. வரும். கீழே அதைப்போல் இரண்டு மடங்கு கொடு: முன்பக்கம் தரையை ஒட்டி 56 செ.மீ. நீளம், 8 செ.மீ. உயரத்தில் ஒரே நீளத் திறப்பு. மறைப்புப் பலகையை 8 செ.மீ. உள்ளே தள்ளி வை, உட்பக்கம் பளபளப்பில்லாத கறுப்பு அடி. பூச்சி வலை நெருக்கமானதாக இருந்தால் பரப்பில் பாதியை அதுவே தின்றுவிடும், ஆகவே வலையைத் திறப்பைவிட அகலமான சட்டத்தில் கட்டி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவு. காற்று உள்ளே இழுபடுகிறதா என்று பார்க்கக் கதவு இடுக்கில் ஒரு மெல்லிய காகிதத் துண்டைப் பிடி. உள்பக்கம் சாய்ந்தால் சரி.

இரண்டு ஃபேன் வைப்பதில் ஒரு வம்பு உண்டு. ஒன்று நின்றுபோனால் மற்றது கீழே இருந்து இழுக்காது. பக்கத்திலேயே செத்துக் கிடக்கும் ஃபேன் ஓட்டை வழியாக வெளிக்காற்றை இழுத்து, அதையே திருப்பித் தள்ளிக்கொண்டு இருக்கும். சத்தம் கேட்கும், செடி வேகும். ஒவ்வொன்றின் வெளிவாயிலும் மேல் விளிம்பில் மட்டும் ஒட்டிய ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாள் தொங்கட்டும். காற்று வந்தால் தூக்கும், நின்றால் மூடும்.

மின்சாரம்: ஒவ்வொன்றும் 0.3 ஆம்பியர் வரை இழுக்கலாம், 12 வோல்ட் 1 ஆம்பியர் அடாப்டர் போதும். சிவப்பு பிளஸ், கறுப்பு மைனஸ், மஞ்சளை வெட்டாமல் டேப் சுற்றி விடு. ஐந்தாறு வோல்ட்டுக்குக் கீழே இறக்கினால் ஓடிக்கொண்டிருக்கும் ஃபேன் ஓடும், ஆனால் மின்சாரம் போய் வந்தால் சில ஃபேன் திரும்பக் கிளம்பாது. 7 வோல்ட்டுக்குக் கீழே போகாதே.

கோபி, இது விளையாட்டில்லை. மரப்பெட்டி, உள்ளே 100 வாட், நீ வெளியூரில், ஃபேன் நின்றுவிட்டது. நினைத்துப் பார். விளக்குக்கு மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கும் டிரைவரைப் பெட்டிக்கு வெளியே எடு, செடித் தொட்டியைவிட உயரத்தில் மாட்டு. பெட்டியின் உச்சியில் 45 டிகிரியில் தானாகத் துண்டிக்கும் கே.எஸ்.டி. 301 மாதிரி ஒரு வெப்ப சுவிட்சை, குளிர்ந்த நிலையில் மூடியிருக்கும் வகையாகப் பார்த்து, விளக்கின் லைனில் போடச் சொல். அதை எலக்ட்ரீஷியன் செய்யட்டும். நீ செய்யாதே, உன் டேப் சுற்றும் லட்சணம் எனக்குத் தெரியும். ஒயர்கள் பிளக்குக்கு வருமுன் கீழே ஒரு வளைவு தொங்கட்டும், வழிகிற தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும்.

இரவில் ஃபேனை நிறுத்துகிறாயாமே, சித்ரா சொன்னாள். இலையில் வெள்ளைப் பொடியாகப் பூஞ்சை பிடிப்பது அதனால்தான். நீ தினமும் ஊற்றுகிற ஒரு லிட்டர் தண்ணீரும் ஏறக்குறைய முழுக்க ஆவியாகத்தான் வெளியே வர வேண்டும். 25 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று 23 கிராம் ஆவி கொள்ளும். அறையில் 50 சதவீதம், பெட்டியில் 60 என்றால் ஒவ்வொரு கன மீட்டரும் 2.3 கிராம்தான் சுமந்து போகும். நாளுக்கு 435, மணிக்கு 18 கன மீட்டர். பகலில் ஓடுவதில் கால் பங்கு போதும், ஆனால் ஓட வேண்டும். லெட்டூஸ் என்கிற சாலட் கீரையின் உள்ளிலை ஓரம் கருகுவது வேறு கதை. நடுக்குருத்தில் காற்று அசையாவிட்டால் அந்த இலை நீரை ஆவியாக விடாது, நீரோடு வர வேண்டிய கால்சியமும் வராது. கழற்றிய 8 செ.மீ. ஃபேன் ஒன்றை உள்ளே, மேலிருந்து கீழே மெல்ல வீசும்படி தொங்கவிடு. இலை நடுங்கினால் போதும், படபடக்கக் கூடாது. கரி வடிகட்டி வேண்டாம். கீரைக்கு என்ன நாற்றம்?

இன்னொன்று. எத்தனை ஃபேன் வைத்தாலும் பெட்டி அறையைவிடக் குளிராது. அந்தச் சின்ன அறையின் கதவை மூடி வைத்தால் தள்ளிய சூடு அங்கேயே சுற்றி, கீழ்த் திறப்பு வழியாக மறுபடி உள்ளே வரும். மாலைக்குள் அறையே 31 ஆனால், நான்கு டிகிரி சேர்ந்து திரும்ப 35. அறைக் கதவைத் திறந்து வை, அல்லது இரண்டு ஃபேனுக்கும் வெளியே ஒரு கூண்டு அடித்து 15 செ.மீ. டக்ட் குழாயில் ஜன்னலுக்குக் கொண்டு போ. குட்டையாக, சுருக்கமே இல்லாமல் இழுத்துக் கட்டு.

வேலை முடிந்ததும் மூன்று எண் எழுது: அறை வெப்பம், ஃபேன் வாயில் வெப்பம், இலை மட்டத்தில் விளக்கு நேரே படாமல் நிழலில் வைத்த சென்சார் காட்டுவது. கதவை மூடி 40 நிமிடம் கழித்து எடுத்ததாக இருக்கட்டும். நீ இரவில் திறந்து பார்க்கிற எண் பெட்டியின் எண்ணே இல்லை, அறையினுடையது. சென்சாரின் ஒயரை வெளியே விட்டுவிட்டுத் தூங்கு.

பொடியனுக்கு என் அன்பு. சித்ராவிடம் நான் எழுதிவிட்டேன் என்று சொல், இல்லாவிட்டால் மறுபடி போன் வரும்.

உன்,
ரவி