திப்ருகருக்கு மூன்றரை மணி நேரமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் வெளியான வான்வழி தூர அட்டவணையில் கோயம்புத்தூர்–திப்ருகர் (அசாம்) 2,620 கிலோமீட்டர், பறக்கும் நேரம் மூன்றரை மணி என்று இருந்தது. கணக்கு சரிதான். இரண்டு விமான நிலையங்களுக்கும் நடுவே நேர்கோடு போட்டால் அவ்வளவுதான் வரும். ஜெட் விமானம் மணிக்கு 800 கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாகப் பறக்கும். ஏறி இறங்கும் நேரத்தையும் சேர்த்தால் மூன்றரை மணி. ஆனால் அந்தக் கோட்டில் நேரடி விமானமே கிடையாது. இதை அட்டவணை சொல்லவில்லை.

நாங்கள் கேரள–தமிழக எல்லையோரம், கொழிஞ்சாம்பாறையில் இருக்கிறோம். நெடும்பாசேரியில் உள்ள கொச்சி விமான நிலையத்தைவிட எங்களுக்குப் பீளமேட்டில் உள்ள கோவை விமான நிலையம்தான் பக்கம். நான் வேலை பார்க்கும் கஞ்சிக்கோட்டு ஆலையில் அசாம்காரர்கள் நிறையப் பேர். ஊருக்குப் போக அவர்களுக்கு விவேக் எக்ஸ்பிரஸ் ரயில்தான். பாலக்காட்டில் ஏறினால் திப்ருகர் சேர இரண்டரை நாளுக்கு மேல் ஆகும். சாவு, ஆஸ்பத்திரி என்றால் மட்டும் கடன் வாங்கியாவது விமானம் ஏறுவார்கள். அண்மையில் ஒரு பையனின் அப்பா தவறிவிட்டார். இதே மூன்றரை மணிக் கணக்கைச் செல்போனில் பார்த்துவிட்டு, சாயங்காலத்துக்குள் வந்துவிடுவேன், எடுத்துவிடாதீர்கள் என்று வீட்டுக்குச் சொல்லிவிட்டான். போய்ச் சேர்ந்தது மறுநாள். அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

டெல்லி வழியாகப் போனால் இரண்டு விமானம். ஆனால் வானத்திலேயே சுமார் 3,700 கிலோமீட்டர், அதாவது நேர்கோட்டைவிட ஆயிரத்துக்கு மேல் கூடுதல். சென்னை, கொல்கத்தா என்று மாறிப் போனால் தூரம் 2,650 கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும், ஏனென்றால் அந்த ஊர்கள் கிட்டத்தட்ட அதே கோட்டில்தான் இருக்கின்றன. ஆனால் மூன்று விமானம் ஏற வேண்டும், நடுவில் இரண்டு இடத்தில் காத்திருக்க வேண்டும். கிலோமீட்டரைப் பார்த்து வழியைத் தேர்ந்தெடுத்தவர் ராத்திரி முழுக்க விமான நிலைய நாற்காலியில் உட்கார்ந்திருக்க நேரலாம்.

தனித்தனி டிக்கெட் எடுத்திருந்தால் கஷ்டம் இன்னும் அதிகம். மாறும் ஊரில் பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, மறுபடி கவுண்டரில் போட வேண்டும். அந்தக் கவுண்டரைப் புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடுவார்கள். முதல் விமானம் தாமதமானால் அடுத்த டிக்கெட்டின் பணம் பெரும்பாலும் போனதுதான். ஒரே டிக்கெட்டாக எடுத்தால் இந்தத் தொல்லை இல்லை என்பது முதல்முறை பறக்கிறவர்களில் பலருக்குத் தெரியாது.

அப்புறம், போக வர ஒரே நேரம் என்று போட்டிருப்பதும் சரியில்லை. குளிர்காலத்தில் வட இந்தியாவின் மேல் வானத்தில் மேற்கிலிருந்து பலமான காற்று வீசும். டெல்லியிலிருந்து திப்ருகர் போகும்போது அது தள்ளிவிடும், திரும்பும்போது எதிர்க்கும். டிசம்பரில் திப்ருகரில் நாலரை மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். விமானம் சாயங்காலம் இறங்கினால் அதன் பிறகு கிராமத்துக்கு இருட்டில்தான் போக வேண்டும்.

அட்டவணையை நிறுத்தச் சொல்லவில்லை, எங்கள் பக்கத்தில் அதை வெட்டி வைத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். தூரத்துக்குப் பக்கத்தில் நேரடி விமானம் உண்டா, இல்லையென்றால் எந்த ஊரில் மாற வேண்டும், காத்திருப்பையும் சேர்த்து மொத்தம் எத்தனை மணி ஆகும் என்று ஒரு வரி போடுங்கள். அடுத்த இணைப்பிலேயே திப்ருகரிலிருந்து தொடங்கினால் எங்கள் ஆலை நோட்டீஸ் பலகையில் ஒட்டி வைப்பேன்.

இப்படிக்கு,
கொழிஞ்சாம்பாறை வாசகர்,
பாலக்காடு மாவட்டம்